உறைபனி போட்ட எல்லைக்கோடு: கொலராடோ ஆற்றோடு 226 மைல்

நாள் 1. லீஸ் ஃபெர்ரி, ஆற்று மைல் 0, உயரம் சுமார் 945 மீட்டர்

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் போகும் படகுகள் பெரும்பாலும் இங்கேதான் ஆற்றில் இறங்குகின்றன. இங்கிருந்து டயமண்ட் கிரீக் வரை 226 மைல், ஏறக்குறைய 364 கிலோமீட்டர். அத்தனை தூரத்திலும் ஆறு இறங்குவது சுமார் 530 மீட்டர்தான். நல்ல மலையேறி அரை நாளில் ஏறிவிடுகிற உயரம் அது. ஆனால் இங்கே கரைச் சரிவில் நிற்கும் புதர்களில் பல டயமண்ட் கிரீக்கில் கண்ணில் படாது. அங்கே சரிவை நிறைக்கும் புதர் இங்கே ஒன்றுகூடக் கிடையாது. மேல் முனை கிரேட் பேசின் என்னும் குளிர்ப் பாலைவனத்தின் விளிம்பு. கீழ் முனையில் மொஹாவி, சொனோரன் என்னும் இரண்டு பாலைவனங்கள் கலந்து கிடக்கின்றன.

பாலைவனச் செடி எங்கே நிற்கும் என்பதை வெயில் தீர்மானிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த ஆற்றோரம் வந்தால் அந்த எண்ணம் மாறும். ஜூலை நண்பகலைத் தாங்கும் செடிகள் இங்கே ஏராளம். ஜனவரி விடியற்காலையைத் தாங்குவது எது என்பதுதான் கேள்வி. இந்தப் பதினாறு நாளும் பார்க்கப் போவது அதைத்தான்.

கரையை விட்டு ஏறியதும் கண்ணில் படுவது உப்புப்புதர். நான்கு இறக்கை ஒட்டிய விதை இருந்தால் நான்குசிறகு உப்புப்புதர், இலை உருண்டு கிளை முள்ளாக முடிந்தால் ஷாட்ஸ்கேல். பக்கத்திலேயே மோர்மன் டீ எனப்படும் எஃபெட்ரா, இலையே இல்லாத பச்சைக் குச்சிக் கட்டு மாதிரி நிற்கும். கணுவில் உள்ள செதில்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் டோரி எஃபெட்ரா. இரண்டு இருந்தால் நெவாடா எஃபெட்ராவோ பச்சை எஃபெட்ராவோ. குச்சி சாம்பல் பூத்திருந்தால் முதலாவது, பளிச்சென்ற பச்சையானால் இரண்டாவது. கையில் பத்து மடங்கு லென்ஸ் இல்லாமல் இந்த வேலைக்கு வராதீர்கள்.

பதிவு முறையை இன்றே முடிவு செய்துவிட வேண்டும். நடுவில் மாற்றினால் மேல்மைலையும் கீழ்மைலையும் ஒப்பிட முடியாது. தண்ணீர் விளிம்பில் தொடங்கி, ஆற்றுக்குச் செங்குத்தாக மேலே 50 மீட்டர் டேப் விரிக்க வேண்டும். டேப்பின் இரு பக்கமும் ஒரு மீட்டர் எடுத்தால் 2 மீட்டர் அகலப் பட்டை கிடைக்கும். அதற்குள் வேர் உள்ள பல்லாண்டுச் செடிகளை மட்டும் எண்ண வேண்டும். ஒரு பருவச் செடிகள் அந்த வருட மழையைச் சொல்லுமே தவிர இடத்தைச் சொல்லாது. ஒவ்வொரு பட்டைக்கும் ஆற்று மைல், எந்தக் கரை, சரிவின் கோணம், சரிவு பார்க்கும் திசை, தண்ணீர் மட்டத்திலிருந்து உயரம் ஆகிய ஐந்தும் கட்டாயம்.

உயரத்துக்கு ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே வானம் ஒரு நாடாவாகத்தான் தெரியும். செயற்கைக்கோள் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி வருவதால் உயரக் கணக்கு பல பத்து மீட்டர் தவறலாம். காற்றழுத்த ஆல்டிமீட்டர் இதைவிட மேல், ஆனால் வானிலை மாறினால் அதுவும் நகரும். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலே சுமார் 8 முதல் 9 மீட்டர் கூடுதலாகக் காட்டும். ஆற்று வரைபடத்தில் அன்றைய முகாமின் உயரத்தைப் பார்த்து, காலையும் மாலையும் சரிசெய்துகொள்ள வேண்டும்.

நாள் 2. மைல் 17 முதல் 31 வரை

சுவர்கள் நெருங்கிவிட்டன. பள்ளத்தாக்கின் மேல்பகுதியான மார்பிள் கேன்யனில் ஆறு பெரும்பாலும் தெற்கு நோக்கி ஓடுவதால் சுவர்கள் கிழக்கும் மேற்கும் பார்க்கின்றன. இரு கரைக்கும் வெயில் ஏறக்குறைய ஒரே அளவுதான், ஒன்றுக்குக் காலையில், மற்றதற்கு மாலையில். செடிப் பட்டியலிலும் இடக்கரை, வலக்கரை வேறுபாடு பெரிதாக இல்லை. இதை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் நாள் தேவைப்படும்.

படகு கட்டும்போது ஒரு எச்சரிக்கை. மேலே கிளென் கேன்யன் அணையில் மின்சாரத் தேவைக்கு ஏற்றபடி தண்ணீர் விடுவதால் ஆறு தினமும் ஏறி இறங்கும். அணையில் நடந்த மாற்றம் பல மணி நேரம் கழித்துத்தான் உங்கள் முகாமுக்கு வரும். மைல் கூடக் கூட அந்தத் தாமதமும் கூடும். இரவில் இறங்கினால் விடியும்போது படகு மணலில் உட்கார்ந்திருக்கும், ஏறினால் சமையல் பெட்டி மிதக்கும். டேப்பின் தொடக்கப் புள்ளியும் இதனால் நகர்ந்துவிடும். ஈர மணலின் மேல்விளிம்பைத் தொடக்கமாக வைத்து, நேரத்தையும் சேர்த்துக் குறிப்பதே சரி.

நாள் 3. வேசீஸ் பாரடைஸ், மைல் 32. பிறகு 41 வரை

சுண்ணாம்புப் பாறையின் நடுவிலிருந்து ஊற்று பீறிட்டுக் கொட்டும் இடம் இது. 1869இல் ஆற்றில் இறங்கிய ஜான் வெஸ்லி பவல், தாவரவியலாளர் ஜார்ஜ் வேசியின் பெயரை இதற்கு வைத்தார். ஊற்றைச் சுற்றி மெய்டன்ஹேர் பெரணியும் செந்நிற மங்கிஃப்ளவரும் அடர்ந்திருக்கும். ஊற்று நீர் எட்டாத பாறையில் பாலைவனச் செடிகள். இரண்டுக்கும் நடுவே சில அடிதான். கூடவே பாய்சன் ஐவியும் நிறைய உண்டு. ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலையின் காம்பு மட்டும் நீளம் என்றால் தொடாதீர்கள். அதன் எண்ணெய் தோலில் கொப்புளம் கிளப்பும், கயிற்றிலும் துணியிலும் ஒட்டி நாள் கணக்கில் இருக்கும்.

மாலைக்குள் 40ஆம் மைலைத் தாண்டுகிறோம். முதல் எல்லைக்கோடு இங்கேதான். இதுவரை பழைய வெள்ளக் கோட்டில், அதாவது அணை வருவதற்கு முன் வெள்ளம் எட்டிய உயரத்தில், நின்றவை வலைநரம்பு ஹேக்பெரியும் அப்பாச்சி ப்ளூமும். இங்கிருந்து கீழே மெஸ்கீட்டும் கேட்கிளா வேலமும் சேர்ந்துகொள்கின்றன.

மெஸ்கீட் நமக்குத் தெரியாத மரமல்ல, சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. தமிழ்நாட்டில் பரவியது அதே குடும்பத்தின் இன்னொரு இனம். ஆனால் இங்கே மெஸ்கீட் மண்ணின் மைந்தன். வேர் 50 மீட்டர் ஆழத்துக்கும் கீழே போனதற்குப் பதிவு உண்டு. கேட்கிளாவையும் மெஸ்கீட்டையும் குழப்பிக்கொள்வது புதியவர்களின் வழக்கமான தவறு. மெஸ்கீட் முள் நேராக, பெரும்பாலும் இரட்டையாக இருக்கும். காய் நீண்ட அவரை மாதிரி. கேட்கிளா முள் ஒற்றை, பூனை நகம் போலப் பின்னோக்கி வளைந்தது. காய் தட்டையாக முறுக்கிக்கொள்ளும். சட்டை மாட்டிக்கொண்டால் முன்னே இழுக்காதீர்கள். வந்த வழியே பின்வாங்கினால் முள் தானே விடும்.

இந்த இரண்டும் 40ஆம் மைலுக்கு மேலே ஏன் அருகிவிடுகின்றன? மேலே உறைபனி இரவுகள் அதிகம். தளிரும் பூவும் கருகினால் விதை இல்லை. இன்னொரு காரணமும் சேர்கிறது. ஆறு விதையைக் கீழேதான் அடித்துச் செல்லும், மேலே கொண்டுபோகாது. மெஸ்கீட் காயைத் தின்று கொட்டையை எச்சத்தோடு போடும் கொயோட்டி மாதிரியான விலங்குதான் மேல்நோக்கிப் பரப்ப வேண்டும்.

நாள் 4. நான்கோவீப், மைல் 53

கரையில் நின்று மேலே பார்த்தால் இரண்டு பச்சைக் கோடுகள் தெரியும். கிளென் கேன்யன் அணை 1963இல் மூடப்படுவதற்கு முன், ஆண்டுதோறும் உருகிய பனி நீர் நொடிக்குச் சராசரியாக 85,000 கன அடி அளவுக்குப் பெருகி வந்து கரையைத் துடைத்துப் போகும். அந்த உச்சத்துக்கு மேலே நிற்பதுதான் மெஸ்கீட், கேட்கிளா, ஹேக்பெரி வரிசை. இப்போது வழக்கமான நீர்விடுப்பு 25,000 கன அடியைத் தாண்டுவதில்லை. முன்பு வெறும் மணலாகக் கிடந்த கீழ்ப்பகுதியில் டாமரிஸ்க், கொயோட்டி வில்லோ, ஆரோவீட், சீப்வில்லோ ஆகியவை இரண்டாவது கோடாக வளர்ந்துவிட்டன.

மேல்கோட்டு மரங்களைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. முதிர்ந்தவை நிற்கின்றன, கன்றுகள் மிகக் குறைவு. வெள்ளம் எட்டிய காலத்தில் முளைத்தவை ஆழ வேரால் தாக்குப்பிடிக்கின்றன. புதிதாக முளைப்பதற்கு வேண்டிய ஈரமும் வண்டலும் அந்த உயரத்துக்கு இப்போது வருவதில்லை. 1983இல் அணை நிரம்பி லீஸ் ஃபெர்ரியில் சுமார் 97,000 கன அடி ஓடியது. அதன் பிறகு அப்படி ஒரு வெள்ளம் இல்லை. 1996இல் வேண்டுமென்றே ஏழு நாள் 45,000 கன அடி திறந்துவிட்டார்கள். மணல் திட்டுகளைக் கட்டுவதற்கான அந்தச் சோதனையும் பழைய கோட்டைத் தொடவில்லை.

டாமரிஸ்க், தூரத்தில் சிறு சவுக்கு போல இருக்கும். செதில் இலையை விரலால் தேய்த்து நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். வேர் இழுத்த உப்பை இலை வழியே வெளியே தள்ளும் மரம் அது. 2009இல் டாமரிஸ்க் இலைவண்டு கிராண்ட் கேன்யனுக்கு வந்து சேர்ந்தது. வேறு மாநிலங்களில் இந்த மரத்தைக் கட்டுப்படுத்த விடப்பட்ட வண்டு, நாளின் நீளம் ஒத்துக்கொள்ளாது, இவ்வளவு தெற்கே பிழைக்காது என்று எதிர்பார்க்கப்பட்டது. அது தன் உறக்கக் காலத்தையே மாற்றிக்கொண்டு இறங்கி வந்தது. பழுப்பாக நிற்கும் டாமரிஸ்க்கைச் செத்தது என்று எழுதிவிடாதீர்கள். வண்டு தின்றது மறுபடி தளிர்க்கும், பல ஆண்டு தொடர்ந்து தின்றால்தான் சாகும். பட்டையை நகத்தால் கீறிப் பச்சை இருக்கிறதா என்று பார்த்த பிறகே பதியுங்கள்.

நாள் 5. லிட்டில் கொலராடோ சங்கமம் முதல் உங்கர் வரை, மைல் 61 முதல் 73. உயரம் சுமார் 800 மீட்டர்

சங்கமம் தாண்டிச் சில மைலில் கேன்யன் வாயைத் திறக்கிறது. சுவர்கள் விலகி வானம் பெரிதாகிறது, வெக்கை கூடுகிறது. ஆறும் மேற்கு நோக்கித் திரும்புகிறது. இனிமேல் வலக்கரைச் சரிவு தெற்கு பார்க்கும், நாளெல்லாம் வெயில் வாங்கும். இடக்கரைச் சரிவு வடக்கு பார்க்கும், குளிர்காலத்தில் பல வாரம் நேர் வெயிலே படாது. ஒரே உயரம், ஒரே மழை, நடுவில் நூறு மீட்டர் அகல ஆறு. ஆனாலும் இன்றிலிருந்து இரு கரைப் பட்டியலும் பிரிந்து போகும். கரையைக் குறிக்காத பதிவு இதற்குப் பிறகு எதற்கும் உதவாது.

வலக்கரைச் சரிவில் பிரிட்டில்புஷ் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. ஏப்ரலில் வருவதற்கு இதுவே போதுமான காரணம். ஒரு இலையை லென்ஸில் பாருங்கள். நசுக்கிய பஞ்சு போல வெண் மயிர் பின்னிக்கிடக்கும். அது ஒளியைத் திருப்பி அனுப்புவதால் இலை சூடேறுவது குறைகிறது. ஈரம் இருந்தபோது விட்ட இலையில் மயிர் குறைவு, பச்சை அதிகம். வறட்சி முற்றியபோது விட்டது சிறிது, வெளுப்பு. ஒரே செடியில் கீழிருந்து மேலே நான்கைந்து இலையைப் பறிக்காமல் வரிசையாகப் படமெடுத்தால் கடந்த சில மாதத்து ஈரநிலை தெரிந்துவிடும். ஆனால் உறைபனிக்கு இந்தச் செடியிடம் பதில் இல்லை. கடும் குளிர் வந்தால் கிளைகள் தரை வரை கருகும். அதனால்தான் அது தெற்கு பார்க்கும் சரிவையும் இரவெல்லாம் சூடு விடும் கரும்பாறை இடுக்கையும் பிடித்துக்கொள்கிறது.

முகாம் மணலில் ஊமத்தை பூத்திருக்கிறது. நம் ஊமத்தையின் நெருங்கிய உறவுதான், பூ இன்னும் பெரிது, மாலையில் விரிந்து காலை வெயிலில் சுருங்கும். எல்லாப் பாகமும் விஷம், சமைக்கும் இடத்தில் விறகோடு கலந்துவிடக் கூடாது. கேமல்தார்னும் இந்தப் பக்கம் உண்டு. அதன் முள் செருப்பைத் துளைக்கும், ரப்பர்ப் படகையும் விடாது. இறங்கும் முன் கரையைப் பார்த்துவிட்டுப் படகை இழுங்கள்.

லிட்டில் கொலராடோ கலங்கி வந்தால் இங்கிருந்து குடிநீர் எடுப்பதும் சிரமம். வாளியில் தண்ணீர் பிடித்துப் படிகாரத்தைச் சிறிது கலக்கி, இரவு முழுக்க அசைக்காமல் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் வடிகட்டியில் ஊற்ற வேண்டும். அப்படியே ஊற்றினால் வடிகட்டி பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும்.

நாள் 7. பாண்டம் ராஞ்ச், மைல் 88, உயரம் சுமார் 750 மீட்டர், அங்கிருந்து மேலே

இன்று ஆற்றை விட்டு சவுத் கைபாப் பாதையில் டிப்ஆஃப் என்னும் இடம் வரை ஏற்றம். உயரம் சுமார் 1,200 மீட்டர். விடியும் முன் கிளம்பினால்தான் பத்து மணிக்குள் எண்ணி முடிக்கலாம்.

ஆறு ஓடும் குறுகிய உள்பள்ளத்தின் கரும்பாறையில் பிரிட்டில்புஷ், பீப்பாய்க்கள்ளி, கேட்கிளா. ஏற ஏற பிரிட்டில்புஷ் மெலிகிறது. உள்பள்ளத்துக்கு மேலே விரியும் டோண்டோ மேடையில் கால் வைத்ததும் காட்சி மாறுகிறது. கண்ணுக்கு எட்டியவரை சாம்பல் நிறத்தில் பிளாக்பிரஷ், முழங்கால் உயரம், ஒரே சீராக. மழை நனைத்தால் கிளைகள் கருத்துவிடும், பெயர் அதனால்தான். இடையிடையே யூட்டா கற்றாழை. பல ஆண்டு சேமித்த மாவுப்பொருள் முழுவதையும் ஒரே ஒரு பூந்தண்டில் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். செடிகளுக்கு நடுவே கருத்துப் பொருமிய மண் தெரிந்தால் மிதிக்காதீர்கள். அது நீலப்பச்சைப் பாசியும் பூஞ்சைக்கூட்டும் பிணைத்த உயிருள்ள மேலோடு, காலடி பட்டால் தேற பல ஆண்டு ஆகும். டேப்பைப் பாதை ஓரத்திலிருந்தே விரியுங்கள்.

இதற்கு மேலே சுமார் 1,200 மீட்டரில் தொடங்கிப் பின்யன் பைனும் யூட்டா ஜூனிபரும், தென் விளிம்பின் 2,100 மீட்டர் வாக்கில் பாண்டெரோசா பைன், வட விளிம்பில் 2,500 மீட்டருக்கு மேல் ஸ்ப்ரூஸும் ஃபிர்ரும். செடியை வைத்து நிலத்துக்குப் பெயர் சொல்வது நமக்குப் பழைய வழக்கம். குறிஞ்சி, முல்லை, மருதம் எல்லாம் தாவரப் பெயர்கள். அதே வேலையை 1889இல் ஹார்ட் மெரியம் இந்தப் பள்ளத்திலும் சான் பிரான்சிஸ்கோ சிகரங்களிலும் செய்து, உயரத்தோடு மாறும் உயிர்மண்டலங்களை வகுத்தார். உலர்ந்த காற்றில் ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் ஒரு டிகிரி குறைகிறது. மழையோ எதிர்த்திசையில் போகிறது: ஆற்றோரம் ஆண்டுக்குச் சுமார் 230 மில்லிமீட்டர், தென் விளிம்பில் 400, வட விளிம்பில் 600க்கும் மேல்.

ஆனால் அந்த அடுக்கை அப்படியே கோடு கிழித்து வாசிக்கக் கூடாது. தென் விளிம்புக்குக் கீழே வடக்கு பார்க்கும் நிழல் மடிப்புகளில் டக்ளஸ் ஃபிர் நிற்கிறது. பாண்டெரோசாவுக்கு மேலே இருக்க வேண்டிய மரம், அதற்குக் கீழே! இரவில் குளிர்ந்த காற்று கனமாகி பக்கப் பள்ளங்கள் வழியே தண்ணீர் போல இறங்குவதால் ஓடை வாய்க்கும் பக்கத்து மேட்டுக்கும் வெப்பநிலை வேறு. உயரம் என்ற ஒரே எண்ணை வைத்து ஒரு செடி இருக்கும், இருக்காது என்று சொன்னால் பாதி நேரம் தப்பாகும். உயரம், திசை, காற்று இறங்கும் வழி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

பாறைப் பொந்துகளில் பேக்ரேட் என்னும் காட்டெலி சேர்த்த குப்பை கிடக்கும். அதன் சிறுநீர் உறைந்து பிசின் மாதிரி இறுகி, சுள்ளியையும் விதையையும் பல ஆயிரம் ஆண்டு கெடாமல் வைத்திருக்கிறது. கரிமக் காலக்கணிப்பில் தெரிந்தது: பனியுகத்தில் ஜூனிபர் இன்றைய எல்லைக்குப் பல நூறு மீட்டர் கீழே நின்றிருக்கிறது. இந்தக் குவியலை ஒரு துண்டுகூட அசைக்கக் கூடாது, படம் மட்டும்.

நாள் 11. டீர் கிரீக் வழியே, மைல் 137

பக்க ஓடைகளில் ரெட்பட் மரமும் காட்டன்வுட்டும். கரையோரக் கணக்கில் இவற்றைச் சேர்க்காதீர்கள். ஓடை வற்றாமல் ஓடுவதால் நிற்பவை, ஆற்றின் உயரத்தைப் பற்றி எதுவும் சொல்லாதவை. தனிப் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும்.

நாள் 13. ஹவாசு ஓடை தாண்டி, மைல் 157க்குக் கீழே. உயரம் சுமார் 540 மீட்டர்

இரண்டாவது எல்லைக்கோடு. சரிவில் நீண்ட சாட்டைகளை நட்டு வைத்த மாதிரி ஓகோட்டியோ, நுனியில் செம்பூங்கொத்து. இந்தப் பயணத்தில் அதிக நேரம் நிற்க வேண்டிய செடி இதுதான்.

புதுக் குச்சியைக் கிட்டே போய்ப் பாருங்கள். முதலில் வரும் இலைக்கு நீண்ட காம்பு. இலை உதிரும்போது காம்பின் அடிப்பாதி குச்சியிலேயே நின்று முள்ளாக இறுகிவிடுகிறது. அடுத்த முறை இலை வருவது அந்த முள்ளின் கக்கத்திலிருந்து, காம்பே இல்லாமல், கொத்தாக. மழை பெய்த இரண்டு மூன்று நாளில் குச்சி முழுவதும் பச்சை. ஈரம் போனதும் எல்லாம் உதிரும். வருடத்தில் பல முறை இது நடக்கும். ஆகவே இலையற்ற ஓகோட்டியோவை ‘காய்ந்தது’ என்று எழுதுவது பெரும் பிழை. பட்டையின் வரிப்பள்ளத்தில் பச்சை தெரிகிறதா என்று பாருங்கள்.

மழை வந்தால் கூடாரத்தை ஓடை வாயில் அடிக்காதீர்கள். மேலே எங்கோ பெய்த மழை இங்கே வெயிலடிக்கும்போது இறங்கி வரும்.

நாள் 15. லாவா ஃபால்ஸுக்குக் கீழே, மைல் 180 முதல் 209 வரை

கிரியோசோட் புதர் சரிவுகளைப் பிடித்துவிட்டது. பிசின் பூசிய சின்ன இரட்டை இலை. உள்ளங்கையில் வைத்து வாயால் ஊதினால் மழை பெய்த பாலைவனத்தின் வாசனை அப்படியே வரும். 45 டிகிரியைத் தாங்கும் இந்தப் புதரை நிறுத்துவது குளிர்தான். தண்டின் நீர்க்குழாய்கள் உறையும்போது நீரில் கரைந்திருந்த காற்று குமிழியாகப் பிரிகிறது. பனி உருகினாலும் குமிழி போவதில்லை, குழாய் அடைபடுகிறது. மைனஸ் 16 முதல் மைனஸ் 20 டிகிரிக்குள் குழாய்கள் ஏறக்குறைய முழுவதும் அடைபட்டு, மேல்பகுதி செத்துவிடும். ஏற்கெனவே வறண்டு கிடக்கும் செடிக்கு இது இன்னும் விரைவில் நேரும்.

சகுவாரோ எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. கிராண்ட் கேன்யனில் சகுவாரோ இல்லை. பெரிய கள்ளியின் உடலில் நீர் அதிகம். உறைநிலைக்குக் கீழே ஒரு நாள் முழுக்க வெப்பம் ஏறாமல் இருந்தால் அதனால் மீள முடியாது. பீப்பாய்க்கள்ளி தாங்குவதற்கு அதன் குட்டையான உருவமும் உச்சியை மூடும் முள் வலையும் உதவுகின்றன.

நாள் 16. டயமண்ட் கிரீக், மைல் 226, உயரம் சுமார் 410 மீட்டர்

கடைசிப் பட்டை வலக்கரையில்: தண்ணீர் விளிம்பில் டாமரிஸ்க், கொயோட்டி வில்லோ, ஆரோவீட்; பழைய வெள்ளக் கோட்டில் மெஸ்கீட், கேட்கிளா; அதற்கு மேலே கிரியோசோட், பிரிட்டில்புஷ், ஓகோட்டியோ, பீப்பாய்க்கள்ளி. முதல் நாள் பட்டியலில் இருந்து இங்கும் வந்தவை கொயோட்டி வில்லோவும் டாமரிஸ்க்கும் மாதிரி ஆற்றில் கால் நனைத்து நிற்பவை. கால் நனையாதவைதான் குளிருக்குத் தக்கபடி மாறியிருக்கின்றன.

கரையேறும் பாதை ஹுவாலபாய் மக்களின் நிலத்தில், ஓடைப் படுகைக்குள்ளேயே போகிறது. முன் அனுமதி வேண்டும். திடீர் வெள்ளத்தில் பாதையே அடித்துப் போவதும் உண்டு, ஆகவே படகை அவிழ்த்து மூட்டை கட்டும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். டேப்பை நன்னீரில் அலசிக் காயவைத்துச் சுருட்டுங்கள். டாமரிஸ்க்கின் உப்பும் நுண்மணலும் அடுத்த பயணத்துக்குள் எண்களை அழித்துவிடும். செருப்பின் அடியையும் படகின் மடிப்புகளையும் தேய்த்துக் கழுவிவிட்டு வண்டியில் ஏற்றுங்கள், கேமல்தார்ன் விதை அங்கேதான் ஒளிந்திருக்கும்.